அரை மில்லி

இரவில் கேட்கும் ஒரே சத்தம் அதுதான்.
சொட்டு. கொஞ்சம் பொறுத்து, சொட்டு.
குளியலறைக் குழாய் என்று நினைத்து
முதல் வாரம் இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்தேன்.

மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது
ஜில்வினாஸ் கட்டிய கோபுரம்:
கீழ்வீட்டுக்காரர்கள் கழித்துப்போட்ட
சாக்கடைக் குழாயில் ஒரு முழம்.
அதைச் சுற்றிச் சுற்றி முப்பது மீட்டர் மெல்லிய குழல்.
நடுவில், பொடிப்பொடியாக நறுக்கிய உறிஞ்சுகுழல்கள்.
பதினாறு வயது. கணக்கில் தேறவில்லை என்று
பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
லிட்டருக்கு எண்பது மில்லிகிராம் நைட்ரேட் என்பதை மட்டும்
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

மீன் தின்னும், கழியும்.
கழிவை ஒரு கிருமி தின்று இன்னொன்றாக்கும்,
அதை வேறொன்று தின்று நைட்ரேட் ஆக்கும்,
அதோடு சரி. அதற்கு மேல் அது யாருக்கும் வேண்டாம்.
வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றலாம்தான்.
தண்ணீர் பில்லை அவனிடம் காட்டினேன்.
மறுநாள் குழலைச் சுற்ற ஆரம்பித்தான்.

"இவ்வளவு நீளம் எதுக்கு?"
"காத்து தீரணும்மா."
முதல் பத்து மீட்டரில் இருப்பவை
ஆக்சிஜனை எல்லாம் குடித்துவிடுமாம்.
அதற்கும் உள்ளே, இருட்டில், மூச்சுமுட்டிக் கிடப்பவைதான்
வேறு வழியில்லாமல் நைட்ரேட்டை உடைத்து
அதற்குள்ளிருந்து மூச்சை எடுக்குமாம்.
நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினேன்.

மூன்றாம் வாரம் வீடு முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.
மாடியிலிருந்து பிர்யூதே இறங்கி வந்தாள்.
மூக்கைச் சுளித்தாள், என் முகத்தைப் பார்த்தாள்,
பிறகு என் கைகள் நடுங்குகின்றனவா என்று பார்த்தாள்.
அவளுக்குப் பழைய கணக்கு.
"ரொம்ப மெதுவா விட்டுட்டேன்" என்று
கிளிப்பை அரைத் திருகு தளர்த்தினான் இவன்.
நாற்றம் போனது. சிவப்பு போகவில்லை.
சோதனைக் குழாயைக் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருந்தால்
பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்.

அவற்றுக்குப் பசி. கரிமம் வேண்டும்.
சர்க்கரை போட்டான். தண்ணீர் பாலாகிவிட்டது,
டிஸ்கஸ் இரண்டும் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின.
வினிகர் என்றால் அவனுக்கே பயம்.
நோட்டில் அதற்குக் கீழே மூன்றாவதாக ஒன்றை எழுதி
தாள் கிழிகிற அளவுக்கு அடித்திருந்தான்.
அடித்ததைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

அன்றைக்கு நானூற்றுப் பதினோராவது நாள்.
க்ளைபேடாவில் ஞாயிற்றுக்கிழமை
மூன்று மணிக்கு மேல் விற்க மாட்டார்கள்.
இரண்டு ஐம்பதுக்கு உள்ளே நுழைந்தேன்.
கால்கள் அந்த அலமாரியை மறந்திருக்கவில்லை.
இருப்பதிலேயே சின்ன பாட்டில் வோட்கா.
கல்லாவிலிருந்த பெண் எதுவும் கேட்கவில்லை,
நானாகத்தான் சொன்னேன்: மீனுக்கு.
அவள் சிரிக்கவில்லை.
எல்லோரும் ஏதாவது சொல்வார்கள் போல.

கோட்டைக் கழற்றாமல் மேசையில் வைத்தேன்.
"ஒரு நாளைக்கு அரை மில்லிதானே?"
அவன் பாட்டிலைப் பார்க்கவில்லை. என்னையும்.
போய் ஊசியில்லாத ஊசிக்குழாயைத் தேடி எடுத்து வந்தான்.

பாட்டில் இப்போது பிர்யூதேயின் குளிர்பெட்டியில்.
தினமும் ஏழு மணிக்கு அவள் இறங்கி வருவாள்,
அணையாமல் காக்கும் மெழுகுவர்த்தி மாதிரி
அரை மில்லியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு.
குழலின் வாயில் நான் செலுத்துவேன்.
அந்த மணம் அரை மில்லிக்கும் ஒரு லிட்டருக்கும் ஒன்றுதான்.
மூன்று முறை கை கழுவுவேன்.

இந்த வாரம் ஆரஞ்சு.
மஞ்சள் வரலாம், வராமலும் போகலாம் என்கிறான்.
கோபுரத்தின் உச்சியில் குமிழ்கள்.
குடித்ததை வெறும் காற்றாக வெளியே விடுகின்றன,
நாற்றமில்லை, யாரையும் எழுப்புவதில்லை.
நான் அப்படிக் குடித்ததில்லை.

பள்ளிக் கடிதம் தொட்டி மூடியின் மேல்,
ஈரத்தில் ஓரம் சுருண்டு,
கையெழுத்துக்கு இன்னும் காத்திருக்கிறது.
பேனாவைத் தேட வேண்டும்.
சொட்டு.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது.